படத்தில் மூன்று பேர்

கட்டப்பனை டவுன் ஹாலில்
பதினேழாவது படம் நான்.
கீழே மலையாளத்திலும் தமிழிலும் ஒட்டியிருக்கிறார்கள்:
ஏலத்தோட்டத்தில் மூன்று சிறார், கம்பம்மெட்டு, 1984.
பெயர் தெரியவில்லை.

பெயர் கேட்கத்தான் செய்தார் ஈப்பன் சார்.
நான் அக்கா பேரைச் சொன்னேன்.
கங்காணி நோட்டில் நான் ஒச்சம்மா, வயது பதினைந்து.
அவள் கட்டிக்கொடுத்துப் போனபின்
அவளுடைய பாவாடை மாதிரியே அவளுடைய வயதும்
என் இடுப்பில் நிற்காமல் நழுவியது.
அவர் என்னை ஒருதரம் பார்த்தார்,
எழுதிக்கொள்ளவில்லை.

நோட்டில் முழு ஆள்.
சம்பளத்தில் அரையாள்.
மீதிப் பாதி யார் பையில் என்று
கேட்கத் தெரியாத ஒன்பது வயது.

விடியுமுன் கம்பத்தில் ஜீப் ஏறுவோம்.
பெரியவர்களுக்கு இருக்கை, எங்களுக்கு அவர்கள் மடி.
செக்போஸ்ட் வெளிச்சம் தெரிந்ததும் தலையை அமுக்குவார்கள்.
தகரத் தரையில் கன்னம்.
டீசல் வாடையில்தான்
கேரளம் தொடங்கும் எனக்கு.

உரக்கடை ஆள் என்று சொல்லிக்கொண்டு உள்ளே வந்திருந்தார்.
மருந்து டப்பாக்களுக்கு நடுவே
வேட்டித் துணியில் சுற்றிய கேமரா.
மழை ஓய்ந்து இலை மட்டும் சொட்டிக்கொண்டிருந்தது.
"என்னெப் பாக்கண்டா, காயெப் பார்" என்றார்.
கங்காணியும் நாள் முழுக்க அதைத்தான் சொல்வான்.
பார்த்தேன்.
தூரில், மண்ணோடு கிடக்கிற சரத்தில்
முற்றினதை மட்டும் கிள்ள வேண்டும், பிஞ்சு சிதையக் கூடாது.
அதற்குக் குனியவே வேண்டாத உயரம் எங்களுக்கு.
அந்த உயரத்துக்காகத்தான் ஜீப்பில் இடம்.

கோட்டயத்துப் பத்திரிகையில் படம் வந்ததாம்.
நாங்கள் பார்க்கவில்லை. இன்ஸ்பெக்டர் வந்ததைப் பார்த்தோம்.
அரையாள் யாரையும் ஏற்றாமல் ஜீப் போனது
பதினோரு நாள்.
பதினோரு நாளும் அம்மா
அந்த உரக்கடைக்காரனைக் கரித்துக் கொட்டினாள்.
பதினோரு நாளும் பள்ளிக்கூடம் திறந்துதான் இருந்தது,
எங்கள் வீட்டில் யாருக்கும் தோன்றவில்லை.
பன்னிரண்டாம் நாள் வேறு தோட்டம், வேறு நோட்டு.
அதில் நான் பேச்சியம்மா.

"நகத்தைப் பாருங்க" என்று
வந்தவர்களுக்கு விளக்குகிறாள் கழுத்தில் அட்டை தொங்கும் பெண்.
பார்க்கிறார்கள். நானும் அவர்களோடு எட்டிப் பார்க்கிறேன்.
நல்ல படம்தான்.
காய்ப்பால் கறுத்த என் நகத்தை
இவ்வளவு பக்கத்தில் நானே பார்த்ததில்லை.
கணுக்காலில் அட்டை கடித்த ரத்தம்கூட விழுந்திருக்கிறது,
கறுப்பு வெள்ளையில் அது சேறு மாதிரி.

இடது ஓரத்தில், செடிக்குப் பின்னால்,
தெளிவில்லாமல் ஒரு மூட்டை.
அதை யாரும் பார்க்கவில்லை.
மூட்டை இல்லை அது.
கொங்காணியைப் போர்த்திக்கொண்டு காசிமாயன், ஏழு வயது,
அனலாய்க் காய்ச்சல்.
படுத்தது தெரிந்தால் கூலி கிடையாது.
ஆளுக்கொரு கை அள்ளி
அவன் கூடையில் போட்டுக்கொண்டே வந்தோம் மூன்று பேரும்.
சார் வந்தபோதும் அவனை மறைத்துத்தான் உட்கார்ந்தோம்.
எடை போடும் நேரத்துக்கு மட்டும்
எழுந்து நின்றான், தராசுக் கம்பைப் பிடித்துக்கொண்டு.

செத்துப்போனான் என்று நினைப்பீர்கள். இல்லை.
தேவாரத்தில் பஞ்சர் கடை வைத்திருக்கிறான்,
இரண்டு பெண்கள், மூத்தவள் நர்சிங்.
ஹாலிலிருந்தே போன் போட்டேன்.
கம்ப்ரஸர் சத்தத்துக்கு மேல் கத்தினான்:

"படத்துல நான் இருக்கேனா?"
"இருக்கே."
"எப்படி இருக்கேன்?"
"மூட்டையா இருக்கே."

கொஞ்ச நேரம் கம்ப்ரஸர் மட்டும் ஓடியது.
பிறகு சிரித்தான்.

"எத்தன கிலோ போட்டிருக்காய்ங்க,
கேளு."